நிறக்குருடும் தாய்வழிப் பரம்பரையும்



விஞ்ஞானத்தில் ஏதேனும் ஒரு பொருளைத் துறை சாராதவர்க்கும் விளங்குமாறு தமிழிலேயே எடுத்துரைக்க வேண்டும் என்பது இச்சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளையின் நோக்கமாதலால், நிறக்குருட்டைப் பற்றியும் அது குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் முறையைப் பற்றியும் இன்று பேச எண்ணினேன். ரயில்வேயிலோ ராணுவத்திலோ வேலைக்குத் தேர்வாகி வைத்தியப் பரிசோதனைக்குச் சென்ற இளைஞன் ஒருவன், வண்ணப் புள்ளிகளின் நடுவே மறைந்திருக்கும் எண்ணை வாசிக்க மாட்டாமல் திரும்பி வரும் நாளில்தான், நம் குடும்பங்கள் பலவற்றில் இச்சொல் முதன்முதலாகக் காதில் விழுகிறது. தந்தைக்கு இல்லை, தந்தையின் உடன்பிறந்தார்க்கு இல்லை, பாட்டனார்க்கும் இருந்ததில்லை என்று ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்து, இறுதியில் எல்லாருடைய பார்வையும் தாயின்மேல் சென்று நிற்க, அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்த களங்கம் என்று பேச்சு எழுகிறது. தாய்வழி வந்தது என்பது பெரும்பாலும் மெய்யே. களங்கம் என்பதற்கு மட்டும் விஞ்ஞானத்தில் ஆதாரம் இல்லை. சிவப்பையும் பச்சையையும் வேறு பிரித்துக் காணும் ஆற்றல் மனித குலத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்ததோ, அதே வழியாகவே சிலரிடம் அது குறைந்தும் போகிறது என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

1. டால்டனின் கண்கள்

இக்குறையைச் சாஸ்திர ரீதியாக ஆராய்ந்து முதன்முதலில் விரிவாக எழுதியவர், அதைத் தாமே உடையவராயிருந்தார். அணுக்கொள்கையினால் உலகப் புகழ் பெற்ற ஜான் டால்டன், இங்கிலாந்தின் வடமேற்கே கம்பர்லாந்து வட்டாரத்தில் ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில், 1766இல் நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அவ்வட்டாரத்து மேரிபோர்ட் துறைமுகத்தில் வாழ்ந்த ஹாரிஸ் என்ற செருப்புத் தொழிலாளி, செர்ரிப் பழத்தை இலையினின்று நிறத்தால் அறிய மாட்டாமல் வடிவத்தாலும் அளவாலும் மட்டுமே அறிந்தார் என்ற செய்தி, லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் 1777லேயே வந்திருந்தது. ஆனால் அது பிறர் கண்டு எழுதிய செய்தி. டால்டனோ, 1792இல் ஜெரேனியப் பூ ஒன்றைப் பகலில் வானின் நீலமாகக் கண்டு, அதே பூவை இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தபோது அது முற்றிலும் வேறு நிறங்கொண்டு நிற்கக் கண்டு வியந்து, நண்பர்களுக்கெல்லாம் காட்டினார். அம்மாற்றம் அவர்களில் எவருக்கும் புலப்படவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டுமே அவருக்குத் தோன்றியது போலவே தோன்றியது. உலகம் முழுவதும் தம்மைப் போலவே காண்கிறது என்று இருபத்தைந்து வயதைத் தாண்டும் வரை நம்பியிருந்த மனிதர், காண்பதில் தாமும் தம் சகோதரரும் வேறொரு கூட்டம் என்பதை அன்று உணர்ந்தார்.

1794 அக்டோபர் 31 அன்று மான்செஸ்டர் இலக்கிய தத்துவச் சங்கத்தில் அவர் வாசித்த கட்டுரையில், முத்திரையிடும் சிவப்பு அரக்குக்கும் லாரல் இலையின் மேற்புறத்துக்கும் நிறத்தில் தமக்கு அதிக வேற்றுமை தெரியவில்லை என்று குறித்தார். தம் விழியினுள் நிறைந்துள்ள திரவம் நீல நிறமாயிருந்து, சிவப்பு ஒளியைத் தடுத்து நிறுத்திவிடுகிறது என்பது அவர் கண்ட காரணம். தம் காலத்துக்குப் பின் கண்களைத் திறந்து பார்த்து அதைச் சோதிக்க வேண்டுமென்று ஏற்பாடும் செய்து வைத்தார். 1844 ஜூலையில் அவர் காலமான மறுநாள், அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த ஜோசப் ரான்சம் ஒரு கண்ணின் திரவத்தைக் கண்ணாடித் தட்டில் வார்த்துப் பார்த்தார்; அது பளிங்கு போல் தெளிந்திருந்தது. மற்றொரு கண்ணின் பின்புறத்தைச் சிறிது அறுத்து, அதனூடே சிவப்பையும் பச்சையையும் நோக்கினார். நிறம் எதுவும் மாறித் தோன்றவில்லை. தம் கருதுகோள் பிழைபடக்கூடும் என்பதற்கு இடம்கொடுத்து, தம் உடலையே அதன் சோதனைக்கு ஒப்படைத்துச் சென்ற அந்த நேர்மையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். அதன் பலன் அடுத்த நூற்றாண்டையும் எட்டியது. எஞ்சிய கண்ணின் பகுதிகளை அச்சங்கம் பத்திரப்படுத்தி வைத்திருந்தமையால், 1995இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அவற்றினின்று டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, பச்சைக்குரிய மரபணு அவரிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. டால்டனிடம் சிவப்பை உணரும் உறுப்பு இல்லாதிருக்கலாம் என்று 1807இல் ஊகித்த ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங், குறை இருக்குமிடம் விழித்திரையே என்பதைச் சரியாகக் கண்டார். நிறத்தில் மட்டும் தவறினார்.

2. இறங்கி வரும் பாதை

குறை விழித்திரையில் உள்ளது. அது குடும்பத்தில் எப்படி நடக்கிறது? ஜூரிச் நகரத்துக் கண் வைத்தியப் பேராசிரியர் ஹோர்னர், 1876இல் பல குடும்பங்களின் வம்சாவளியை வகுத்து, நிறக்குருடரான ஆணின் புதல்வர்கள் தப்புகின்றனர், புதல்வியர் தாம் நலமாயிருந்தே அதைத் தம் ஆண்மக்களுக்கு அளிக்கின்றனர் என்று கண்டு சொன்னார். ஏன் என்பதற்கு விடை, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மார்கன் வளர்த்த பழ ஈக்களிடையே 1910இல் வெண்ணிறக் கண்ணுடன் தோன்றிய ஓர் ஆண் ஈயின் சந்ததியை ஆராய்ந்ததில் கிடைத்தது. மறு ஆண்டே அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்சன், மனிதரின் நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோமில் அமைந்ததே என்று எடுத்துக்காட்டினார். மனித இயல்பு ஒன்றுக்கு, இன்ன குரோமோசோமில் அதன் இருப்பிடம் என்று முதன்முதல் சுட்டப்பட்டது அப்போதுதான்.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும். மகனுக்குத் தந்தை அளிப்பது ஒய். ஆகவே மகனுடைய எக்ஸ் முழுவதும் தாயின் கொடையே. குறையுள்ள எக்ஸ் ஒன்றைத் தாங்கும் தாய், மற்றொன்றின் துணையால் நிறங்களை நன்றாகவே காண்பாள். அவளுடைய ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் அக்குறை வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. நிறக்குருடரான தந்தையின் பெண்மக்களோ ஒருவர் தப்பாமல் அனைவரும் அதைத் தாங்கியே பிறப்பர். பாட்டனிடம் இருந்து, மகளிடம் மறைந்து, பேரனிடம் வெளிப்படும் இந்நடை, மகன்வழிப் பெயர்களையே நினைவில் வைக்கும் குடும்பங்களுக்கு எளிதில் புலப்படாததில் வியப்பில்லை.

3. இரட்டித்த மரபணு

இனி நான் கூறப்போவதே இவ்வுரையின் உயிர்நிலை. நம் விழித்திரையில் நிறங்களை உணரும் கூம்பணுக்கள் மூவகை. நீல வகை சுமார் 420 நானோமீட்டர் அலைநீள ஒளியையும், பச்சை வகை சுமார் 530ஐயும், சிவப்பு வகை சுமார் 560ஐயும் மிகுதியாக ஏற்பன. பின்னிரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியுள்ளன என்பதைக் கவனியுங்கள்; பழம் செந்நிறமாகக் கனிந்ததையும் முகம் வெளுத்ததையும் நாம் அறிவது, அந்தச் சிறு வேற்றுமையை மூளை கணித்துக் கொள்வதனால்தான்.

1986இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெரமி நேதன்ஸ் தம் குழுவினருடன் இம்மூவகைக்கும் உரிய மரபணுக்களைப் பிரித்தெடுத்தார். அதற்குத் தம் டி.என்.ஏ.வையே பயன்படுத்திக் கொண்டார். நீலத்தின் மரபணு 7ஆம் குரோமோசோமில் தனித்து இருக்கிறது. சிவப்பினுடையதும் பச்சையினுடையதும் எக்ஸ் குரோமோசோமின் கோடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. முதலில் சிவப்பு ஒன்று, அதன்பின் பச்சை ஒன்றோ சிலவோ. இவ்விரண்டின் எழுத்து வரிசையும் நூற்றுக்கு 98 பங்கு ஒன்றேயாகும். அவை ஆக்கும் புரதங்கள் ஒவ்வொன்றிலும் உள்ள 364 அமினோ அமிலங்களுள் சுமார் பதினைந்தே வேறுபடுகின்றன; நிறவுணர்வை மாற்றுவதில் அவற்றுள்ளும் 180, 277, 285 ஆகிய மூன்று இடங்களே பெரும்பங்கு கொள்வன.

இத்துணை ஒற்றுமைக்குக் காரணம், இரண்டும் ஒரே மரபணுவின் பிரதிகளாக இருப்பதே. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளிற் பெரும்பாலானவற்றுக்கு எக்ஸ் குரோமோசோமில் இவ்வகை மரபணு ஒன்றே உண்டு. ஆதலால் அவற்றின் ஆண்கள் யாவும் இரு நிறவுணர்வு மட்டுமே உடையன. தம் இரு எக்ஸ்களிலும் வெவ்வேறு வகையைப் பெற்ற பெண் குரங்குகள் மட்டுமே மூவகை நிறமும் காண்பன. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதனும் கிளைத்து வந்த முன்னோரிடத்தில், சுமார் 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன், அம்மரபணு பிரதியாகும்போது இரட்டித்து, ஒன்றன் பக்கத்தில் மற்றொன்றாக அமைந்து, சிறிது சிறிதாக வேறுபட்டது. ஆணும் பெண்ணும் ஒருங்கே மூன்று நிறவுணர்வைப் பெற்றது அந்த இரட்டிப்பினால்தான்.

ஆனால் அடுத்தடுத்து நிற்கும் இரட்டையர் அவ்வளவு ஒத்திருப்பதில் ஓர் இடர் உண்டு. பெண்ணின் உடலில் கருமுட்டை உருவாகும் காலத்தில் இரண்டு எக்ஸ்களும் பக்கத்தில் பக்கமாக நின்று தம்முள் துண்டங்களைப் பரிமாறிக் கொள்கின்றன. ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவர், ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு அடிகள் அடுத்தடுத்து வருமிடத்தில் கண் தவறி, ஓரடியை விட்டுவிடுவதோ இருமுறை எழுதிவிடுவதோ உண்டு என்பதைப் பதிப்புத் தொழில் அறிந்தவர்கள் அறிவார்கள். அவ்வாறே ஒரு எக்ஸின் சிவப்பு மரபணு மற்றொன்றின் பச்சை மரபணுவோடு தவறி இணைந்துவிடுவதுண்டு. பரிமாற்றம் முடிந்தபின் ஒரு எக்ஸில் பச்சை ஒன்று கூடுதலாகவும், மற்றொன்றில் பச்சையே இல்லாமலும் போகிறது. பரிமாற்றம் மரபணுவின் நடுவிலேயே நிகழுமாயின், முன்பாதி ஒன்றினதும் பின்பாதி மற்றொன்றினதுமாகக் கலப்பு மரபணு பிறக்கிறது. அதனை உடையவர் நிறத்தை முற்றும் இழக்காமல் குறைவாக உணர்வர். டால்டனிடம் பச்சை இல்லாமற் போனதும் இத்தகைய பிறழ்வினாலேயே எனக் கொள்வது பொருத்தம். மனித குலத்தின் எத்தனையோ பரம்பரைக் குறைகள் ஆயிரத்தில் ஒருவருக்கும் இலட்சத்தில் ஒருவருக்குமாக அரிதாயிருக்க, இது மட்டும் இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது: இரட்டிப்பினால் கிடைத்த ஆற்றல், இரட்டிப்பினாலேயே வழுவுகிறது. எந்த வம்சத்தின் குற்றமும் இதிலில்லை. இன்று நலமாயிருக்கும் எந்தக் குடும்பத்திலும், எந்த ஒரு தாயின் கருமுட்டையிலும் இது புதிதாகவே நிகழலாம்.

குறையற்றவர் என்று நாம் கொள்வோரிடையேயும் வேற்றுமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு 1881இல் சிவப்பையும் பச்சையையும் கலந்து மஞ்சளுக்கு ஒப்பாக்கும் சோதனையைச் செய்தபோது, அவருடைய மனைவியின் சகோதரர் மூவர், பிறர் ஏற்றுக்கொண்ட கலவையை ஏற்காமல் வேறொரு விகிதத்தைக் கேட்டனர். சிவப்புப் புரதத்தின் 180ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் உடையோரும் அலனின் உடையோரும் உண்டு; இருவரும் எந்தப் பரிசோதனையிலும் தேறுவர்; ஆயினும் ஒரே செம்பருத்தியை இருவரும் முற்றிலும் ஒன்றாகக் காண்பதில்லை.

4. எண்ணிக்கை சொல்லும் செய்தி

ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 8 பேர் சிவப்பு - பச்சை நிறக்குருடர்; நம் நாட்டில் பல வட்டாரங்களில் எடுத்த கணக்குகள் இதனினும் குறைவாகக் காட்டுகின்றன. பெண்ணுக்கு இரு எக்ஸிலும் குறை இருக்க வேண்டுமாதலால், எட்டை எட்டால் பெருக்கி, பதினாயிரத்தில் 64 பெண்கள் நிறக்குருடராயிருப்பர் என்று கணிக்கத் தோன்றும். உண்மையில் காணப்படுவதோ சுமார் 40. கணக்கில் பிழையில்லை, நிறக்குருடு ஒன்று என்று எண்ணியதுதான் பிழை. நூற்றுக்கு 8 ஆண்களில் சுமார் 2 பேர் சிவப்பில் குறையுடையோர், 6 பேர் பச்சையில் குறையுடையோர். இரண்டின் வர்க்கம் 4, ஆறின் வர்க்கம் 36; கூட்டினால் 40. சிவப்பில் குறையுள்ள எக்ஸைத் தந்தையிடமும் பச்சையில் குறையுள்ளதைத் தாயிடமும் பெற்ற பெண், ஒன்றில் இல்லாததை மற்றொன்றினால் நிரப்பிக்கொண்டு நன்றாகவே காண்கிறாள். ஆனால் அவளுடைய ஆண்மக்களில் அநேகமாக எவரும் தப்புவதில்லை. அண்ணன் ஒருவகை நிறக்குருடனும் தம்பி மற்றொரு வகையுமாக இருக்கக்கூடும். குடும்பத்தார் திகைக்கும் இத்தகைய சந்தர்ப்பத்தை ஒரு சிறு பெருக்கற்கணக்கு விளக்கிவிடுவதைக் காணும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி சொல்லத் தரமன்று.

5. தாங்கும் பெண்

குறையைத் தாங்கும் பெண்ணை வெறும் பாதையாகவே பேசுவது வழக்கமாகிவிட்டது. அவளுடைய விழித்திரை ஆணுடையதினும் விசித்திரமானது. ஆங்கில விஞ்ஞானி மேரி லயன் 1961இல் எடுத்துரைத்தபடி, பெண் கருவின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஏதோ ஒன்று தற்செயலாக அடங்கிவிடுகிறது. ஆகவே தாங்கும் பெண்ணின் விழித்திரையில் சிறு சிறு திட்டுக்கள் நிறக்குருடாகவும் மற்றவை முழுப்பார்வை உடையனவாகவும் விரவி நிற்கின்றன. அத்தற்செயல் ஒருபுறமாகவே சாய்ந்துவிட்டதால், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி நிறக்குருடியாகவும் மற்றவள் நலமாகவும் இருந்த செய்திகளும் பதிவாகியுள்ளன. டச்சு விஞ்ஞானி டி வ்ரீஸ் 1948லேயே, நிறத்தைக் குறைவாக உணரும் ஆணின் தாய்க்கு நான்கு வகைக் கூம்பணுக்கள் இருக்கலாமே என்று கேட்டார். அத்தகைய தாய்மாரைச் சோதித்து 2010இல் வெளியான ஆய்வில் ஒரு பெண்மணி, மற்ற எவராலும் பிரித்தறிய இயலாத நிறக்கலவைகளைத் தடுமாற்றமின்றிப் பிரித்துக் காட்டினார். குறையின் ஊற்றாக நாம் கருதும் தாயிடம் நம்மினும் மிகுந்த பார்வை இருக்கக்கூடும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

6. நம் உறவுமுறைத் திருமணங்கள்

தென்னாட்டில் இப்பொருளைப் பேசுவோர் உறவுமுறைத் திருமணத்தைத் தொடாமல் செல்ல இயலாது. எக்ஸ் குரோமோசோமில் நிறக்குருடும் இரத்தம் உறையாநோயும் அண்டை வீட்டார் என்பதை ஜூலியா பெல்லுடன் 1937இல் நிறுவிய பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஹால்டேன், 1957இல் இந்தியாவுக்கே வந்து தங்கி, புவனேசுவரத்தில் 1964இல் மறைந்தவர். தென்னாட்டுத் திருமணங்களை ஆராயத் தம் மாணாக்கரை ஊக்கியவரும் அவரே.

இங்கே பலரும் எதிர்பாராத முடிவுகள் கிடைக்கின்றன. மகனுடைய எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், பெற்றோர் இரத்த உறவினரா அன்றா என்பது ஆண்மக்களின் நிறக்குருட்டை மாற்றுவதில்லை. பெண்மக்களைப் பொறுத்தவரையில்தான் உறவு கணக்கில் வருகிறது. அதிலும், எல்லா உறவும் சமமல்ல. ஒருவன் அத்தை மகளை மணந்தால், அவனுடைய எக்ஸ் அவன் தாய் வீட்டிலிருந்து வந்தது, அத்தையோ தந்தை வீட்டைச் சேர்ந்தவள்; ஆகவே எக்ஸைப் பொறுத்தமட்டில் அத்திருமணம் அந்நியத் திருமணமே. மாமன் மகளை மணந்தாலோ, அவன் தாய்க்கும் மாமனுக்கும் எக்ஸைக் கொடுத்தவள் ஒரே பாட்டி. பிற குரோமோசோம்களில் அவர்தம் குழந்தைக்கு ஒரே மூலத்தின் இரு பிரதிகள் சேரும் வாய்ப்பு 16இல் 1. எக்ஸில், அவர்தம் மகளுக்கு, அது 8இல் 1. நம் உறவுமுறையில் அத்தை மகளும் மாமன் மகளும் ஒரே தரத்து முறைப்பெண்கள். இயற்கை அவர்களை வேறாகவே கணக்கிடுகிறது.

இதனால் அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. சிவப்பு - பச்சைக் குருடு உயிருக்கும் பார்வைக் கூர்மைக்கும் ஊறு செய்யாதது. ஆனால் நிறத்தையே அறியாமலும் ஒளியில் கண் கூசியும் பார்வை மங்கியும் வாழச்செய்யும் முழு நிறக்குருடு வேறு. அது எக்ஸைச் சார்ந்ததன்று. பசிபிக் மாகடலில் பிங்கிலாப் தீவை 1775ஐ ஒட்டி ஒரு பெரும்புயல் அழிக்க, சுமார் இருபது பேரே எஞ்சினர். அவர்கள் தமக்குள்ளேயே மணந்து பெருகியதால், அரசர் வழியாக வந்ததாகக் கருதப்படும் ஒரு மரபணு பரவி, இன்று அத்தீவினரில் இருபதில் ஒருவரேனும் நிறமறியாதவராக உள்ளனர். 8ஆம் குரோமோசோமில் அமைந்த அம்மரபணுவுக்கு அத்தை மகளும் மாமன் மகளும் ஒன்றே. நெருங்கிய உறவு எதுவாயினும் வாய்ப்பு பெருகும். இவ்விருவகையையும் வேறுபடுத்தாமல் ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவதை வைத்தியத் துறையினரேனும் தவிர்த்தல் வேண்டும்.

7. செய்யத் தக்கவை

நிறக்குருட்டைக் கண்டறியும் வழிகள் முன்னரே உள்ளன. 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் நேர்ந்த ரயில் விபத்தின் பின்னரே அந்நாட்டு விஞ்ஞானி ஹோல்ம்கிரென் கம்பளி நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியரைச் சோதிக்கும் முறையைக் கொணர்ந்தார். ஜப்பானிய ராணுவ வைத்தியர் இஷிஹாரா 1917இல் தம் புள்ளி அட்டைகளை வெளியிட்டார். சிகிச்சையைப் பொறுத்தவரை, 2009இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இரண்டு அணில் குரங்குகளின் விழித்திரையில் இல்லாத மரபணுவைச் செலுத்தி, வளர்ந்த குரங்கும் புதிய நிறத்தை அறியும் என்று காட்டினர். அக்குரங்குகளில் ஒன்றுக்கு டால்டன் என்றே பெயர். மனிதருக்கு அது இன்னும் வரவில்லை; விற்கப்படும் வண்ணக் கண்ணாடிகள் சில நிறங்களுக்கிடையே வேற்றுமையை மிகுவிக்குமேயன்றி இல்லாத கூம்பணுவைத் தரமாட்டா. மிதமான நிறக்குருடு உடையோரும் வாகன ஓட்டுநர் உரிமம் பெறலாம் என 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது நல்ல தொடக்கம்.

பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பத்தாம் வகுப்புக்கு முன்னரே ஒவ்வொரு சிறுவனுக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுங்கள். எண் அறியாத குழந்தைகள் விரலால் தொடரத்தக்க வளைந்த கோடுகளும் அத்தொகுப்பில் உள்ளன. நிலப்படத்தையும் ரசாயனக் குழாயில் மாறும் நிறத்தையும் கண்டு விழிக்கும் மாணவனை மந்தபுத்தி என்று வையாதிருக்க ஆசிரியருக்கு அது உதவும். சிக்னல் பார்க்கும் வேலையை நம்பி ஆண்டுகளைச் செலவிடாமல் வேறு தொழிலுக்கு அவன் ஆயத்தமாக வழி செய்யும். ஒரு சிறுவனிடம் அக்குறை தெரிய வந்தால், அவனுடைய சகோதரர்களையும், தாய்மாமன்மாரையும், சின்னம்மா, பெரியம்மாவின் ஆண்மக்களையும் அழைத்து அதே அட்டைகளைக் காட்டுவது முறை. சித்தப்பா, பெரியப்பா வீட்டுக்குச் செல்லத் தேவையில்லை. அவனுடைய சகோதரி ஒவ்வொருத்தியும் அதைத் தாங்குவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதையும், அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தையைச் சிறு வயதிலேயே சோதித்துவிட வேண்டும் என்பதையும், அக்குடும்பத்துக்குத் தாய் இருக்கும்போதே, அவளைக் குறைகூறாத மொழியில், வைத்தியர் விளக்கிச் சொல்ல வேண்டும்.